யாரும் தொடாத கதவு

சர்வேயருக்குச் சந்தேகம் என்பது கெட்ட குணமல்ல, பிழைப்பு. மோதிய கார், உரசிய கார், பள்ளத்தில் விழுந்ததாகச் சொல்லப்படும் கார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி காட்டும் வண்டிகளையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, உரிமையாளர் சொல்வதில் நிஜம் எவ்வளவு, புளுகு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வேலை செய்யும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டிய குணத்தை மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்தார், அதுதான் வினை. பக்கத்து வீட்டுக்காரர் வலிய வந்து வணக்கம் சொல்லிவிட்டால் சாயங்காலம் வரை இவருக்கு இருப்புக்கொள்ளாது. எதற்குச் சொன்னான்? தெருவில் அவருக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அப்படிப்பட்டவரிடம் அவருடைய ஒரே மகள், அவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு நின்றிருந்த ஒரு காலையில், தான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஆள் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கிறான், நல்லவன், எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஸ்பீக்கர் மாட்டுறவனா?"

"ஆமாப்பா."

சர்வேயர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே, "நம்ம கார்ல இடது கதவு ஸ்பீக்கர் வர்றதும் போறதுமா இருக்கு. காட்டின இடத்துல எல்லாம் கையை விரிச்சுட்டாங்க. அவனை வந்து பாக்கச் சொல்லு," என்றார்.

"பாத்துட்டு?"

"பாத்த பிறகு பேசலாம்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பொண்ணு கல்யாணத்தைப் பத்திக் கேக்குறா. நீங்க ஸ்பீக்கரைப் பத்திப் பேசுறீங்க."

மகள் அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். சர்வேயர் அதை விசாரணையாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். தோளில் ஒரு பை, கையில் காய்த்துப்போன சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். வந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தான். இது நடிப்பா, நிஜமா என்று சர்வேயரால் தீர்மானிக்க முடியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"விட்டு விட்டு வர்ற கோளாறுதான் சார் ரொம்பப் படுத்தும்," என்றான் அவன். "ஒரேயடியாப் போயிட்டா பிடிச்சிடலாம்."

பாட்டை ஓடவிட்டு, சத்தம் முழுவதையும் இடது பக்கத்துக்குத் தள்ளினான். மூச்சில்லை. சத்தத்தைப் பழையபடி இரண்டு பக்கத்துக்கும் விட்டு, ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்னால் இருக்கும் இடது வயரையும் வலது வயரையும் இடம் மாற்றிச் சொருகினான். அப்போதும் இடது கதவுதான் ஊமையாக இருந்தது. அப்படியானால் ஸ்டீரியோ மேல் குற்றமில்லை. கதவின் உள்பக்க அட்டையைக் கிளிப்புகளிலிருந்து நோகாமல் விடுவித்து, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சின்ன பேட்டரி ஒன்றைத் தொட்டுக் காட்டினான். டப் என்றது. ஸ்பீக்கர் மேலும் குற்றமில்லை.

"மிச்சம் வயர்தான். இதுல ஒரு கணக்குதான் சார். ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வரணும். எதை மாத்தினாலும் மாறாம ஒண்ணு நிக்கும். அங்கதான் கோளாறு."

கதவுக்கும் வண்டிக்கும் நடுவே வயர் போகும் ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார்த்தான். கதவு திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளே செம்பு அறுந்துபோயிருந்தது. மேலுறை மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி முழுசாக இருந்தது. ஈயம் வைத்து ஒட்டினான். கதவுக்குள் தொங்கிய வயரைக் கண்ணாடி இறங்கும் வழியில் சிக்காதபடி ஓரமாக ஒதுக்கி, டேப் போட்டு அழுத்தினான். அட்டையை மூடினான். பாட்டு கணீரென்று வந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டான்.

சர்வேயருக்கு மனசு ஆறவில்லை. ஊரெல்லாம் கைவிட்ட கோளாறு இவன் கைக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக அடங்கும்? உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனானோ. அவன் தெருமுனை திரும்பியதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து கதவு அட்டையை நெம்பினார். டேப்பை உரித்து அடியில் எட்டிப் பார்த்தார். வயரைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. டேப்பைப் பழையபடி ஒட்டிவிட்டு, அட்டையை மேலே வைத்து ஒரு குத்து விட்டு மூடினார். உரித்த டேப் எவ்வளவு நேரம் ஒட்டும் என்று யோசிக்கிற அளவுக்கு அவருக்கு அதில் அக்கறையில்லை. அவர் பார்க்க வந்தது வேறு.

மூன்றாம் நாள் ஸ்பீக்கர் நின்றுபோனது. சர்வேயருக்கு வருத்தத்துக்குப் பதில் ஒரு குதூகலம். அதுதானே பார்த்தேன்! வேண்டுமென்றே அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஸ்பீக்கர் கெட்டால்தானே இந்த வீட்டு வாசல் அவனுக்குத் திறக்கும்? இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினோம்?

மறுபடி வந்தான். அட்டையைக் கழற்றியவன் ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் நின்றான். கிளிப்புகளின் ஓரத்தில் திருப்புளி கடித்த தடம் இருந்தது.

"கதவை யாராவது கழட்டினாங்களா சார்?"

"யாரும் தொடலையே," என்றார் சர்வேயர்.

அவரைக் கேட்டால் அது பொய்யே இல்லை என்பார். ஆய்வு செய்வது தொட்டதில் சேராது. இன்னொன்று, சோதிக்கிறவன் எங்கே கை வைத்தான் என்பதைச் சோதிக்கப்படுகிறவனிடம் எந்த முட்டாளாவது சொல்வானா?

அவன் அவரை ஒரு பார்வை பார்த்தான். வயரை ஒதுக்கிப் புது டேப் போட்டுவிட்டு எழுந்தான். அந்தப் பார்வையை சர்வேயர் பத்திரமாக மனசில் வாங்கி வைத்துக்கொண்டார். திருட்டு முழி. அவன் போனதும் திருப்புளியோடு வந்து மீண்டும் திறந்தார், உரித்தார், பார்த்தார், மூடினார். அடுத்த இரண்டு நாளில் ஸ்பீக்கர் போயிற்று.

இப்போது சந்தேகம் மகள் மேல் திரும்பியது. அவளும்தான் அவ்வப்போது வண்டியை எடுக்கிறாள். அவன் சரிசெய்வதும் இவள் பிடுங்கிவிடுவதுமாக இருவரும் கூட்டுச் சேர்ந்து அப்பன் தலையில் மிளகாய் அரைக்கிறார்களோ? அவளிடமிருந்த இன்னொரு சாவியை வாங்கிக்கொண்டார்.

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

மகளின் முகம் சுண்டிப்போயிற்று. "பெத்த பொண்ணுகிட்டயுமா?" என்று மனைவி முணுமுணுத்தது அவர் காதில் விழாமல் இல்லை.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவன் கடைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். முன்கூட்டித் தெரிந்தால்தானே தில்லுமுல்லு செய்வான்? ஸ்டூலில் உட்கார்ந்து கை அசைவு ஒவ்வொன்றையும் பார்த்தார். அவன் கிளிப்புத் தடத்தை விரலால் தடவினான், வயரை ஒதுக்கி டேப் ஒட்டினான், புதுக் கிளிப்பு போட்டான், மூடினான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன் சார். கொஞ்சம் பேசணும்."

பேசட்டும், குட்டு தானாக வெளியே வரட்டும் என்று நினைத்துக்கொண்டு சர்வேயர் நேராக ஆபீசுக்குப் போனார். சுற்றுச்சுவர், வாசலில் காவலாளி, சாவி தன் சட்டைப் பையில். இங்கே எந்த மருமகனும் வரமுடியாது, எந்த மகளும் வரமுடியாது. வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் கதவைத் திறந்து ஆய்வு செய்து மூடிவிட்டு வேலைக்குப் போனார்.

மாலையில் வண்டியைக் கிளப்பிக் காற்றுக்காகக் கண்ணாடிகளை இறக்கினார். இடது ஸ்பீக்கர் நின்றது. ஏற்றினார், கரகரத்துக்கொண்டு பாடியது. இறக்கினார், நின்றது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. யார் கை வைத்தார்கள்? அவன் இல்லை. மகள் இல்லை. வீட்டு வாசலும் இல்லை. இடத்தை மாற்றியாயிற்று, சாவியை மாற்றியாயிற்று, ஆளையும் மாற்றியாயிற்று. எதை மாற்றினாலும் மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று. அது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சர்வேயர் இறங்கி இடது கதவுக்கு வந்தார். அட்டையைக் கழற்றினார். பசை போன டேப் ஒரு பக்கம் தொங்க, தளர்ந்த வயர் போய்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் இரும்புக் கையில் மாட்டிக்கொண்டிருந்தது. கை இறங்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் முனையிலிருந்து வயரை இழுத்தது. அவன் மூன்று முறை ஒழுங்காக ஒதுக்கி வைத்ததை மூன்று முறையும் கலைத்தது அவர் கைதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அது அவருக்கே புதுசு. பையன் மேல் தப்பே இல்லை. இத்தனை துருவியும் ஒரு பொட்டுப் பொய் அகப்படவில்லை. அவர் பார்த்த ஆட்களில் இப்படி ஒருவர்கூடத் தேறியதில்லை. மகள் தப்பான ஆளைப் பிடிக்கவில்லை. சர்வேயர் அட்டையை அவசரமாகச் சாத்திவிட்டு, சம்மதத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கூடத்தில் அவன் இருந்தான். முன்னால் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. மகள் அழுதிருந்தாள். சர்வேயர் வாயைத் திறக்குமுன் அவன் எழுந்து நின்றான்.

"உங்களுக்கு இஷ்டமில்லைன்னா நேராவே சொல்லியிருக்கலாம் சார். ஒவ்வொரு தடவையும் நான் சரி பண்ணிட்டுப் போனதும் டேப்பை உரிச்சு வயரைக் கலைச்சு விட்டிருக்கீங்க. கேட்டா யாரும் தொடலைன்னு சொல்றீங்க. வேலை தெரியாதவன்னு காட்டி என்னை அனுப்பத்தான் இதெல்லாம்னு புரிஞ்சுபோச்சு. நான் ஒதுங்கிக்கிறேன்."

சர்வேயருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா, கதவைத் திறந்தீங்களா இல்லையா?" என்றாள் மகள்.

"திறந்தேன். ஆனா கெடுக்கிறதுக்கு இல்லைம்மா. பாக்கிறதுக்கு."

"அப்புறம் ஏன் தொடலைன்னு சொன்னீங்க?"

அவர் சொன்னார். ஆய்வைப் பற்றி, டேப்பைப் பற்றி, இரும்புக் கையைப் பற்றி, ஆபீஸ் சுற்றுச்சுவரைப் பற்றி, சம்மதம் சொல்லத்தான் ஓடிவந்தேன் என்பதைப் பற்றி. சொல்லச் சொல்ல அவருக்கே தெரிந்தது, இந்த மாதிரிக் கதையை எத்தனையோ பேர் தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட பிறகு வருகிற விளக்கம். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். ஒன்றைக்கூட அவர் ஏற்றுக்கொண்டதில்லை. மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, காட்டுறேன்," என்று எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப் போனார். பாட்டைப் போட்டார். எல்லார் கண் முன்னாலும் அட்டையைத் திறந்து, டேப்பை உரித்துக் காட்டி, வயரைத் தொங்கவிட்டு, அதே குத்து விட்டு மூடினார். "இப்பப் பாருங்க," என்று கண்ணாடியை இறக்கினார்.

பாழாய்ப்போன ஸ்பீக்கர் கணீரென்று பாடியது.

ஏற்றினார், இறக்கினார். மறுபடி திறந்து வயரை இன்னும் தளர்த்தினார். மூடினார். இறக்கினார். ஒரு கரகரப்புக்கூட இல்லாமல் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

சர்வேயர் பாட்டை நிறுத்தினார். "ஆபீஸ்ல நின்னுச்சு தம்பி. சத்தியமா நின்னுச்சு. இப்ப வேலை செய்யுது, நான் என்ன பண்ணட்டும்? என்கிட்ட வேற ஆதாரம் இல்லை. நம்புங்கன்னுதான் கேக்க முடியும்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் தன் வாழ்நாளில் ஒரு ஆளையும் நம்பி விட்டதில்லை. அதை அவர் நினைத்துப் பார்த்தார்.

அவன் கதவருகே குந்தி உட்கார்ந்தான்.

"என் கடைக்கு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சார் சொல்லுவாங்க. வழியெல்லாம் கரகரங்குது, கடை வாசல்ல கொண்டாந்து நிறுத்தினா நல்லாப் பாடுது, சத்தியமா கெட்டிருந்துச்சுன்னு."

"அவங்களை என்ன பண்ணுவீங்க?"

"நம்புவேன். நம்பலைன்னா எதைன்னு கழட்டுறது?" சற்று நிறுத்திவிட்டு, "உங்க விஷயத்துலதான் அதை மறந்துட்டேன். ரெண்டு கிளிப்புத் தடத்தை வச்சுக்கிட்டு என்னென்னவோ கற்பனை பண்ணிட்டேன் சார்," என்றான்.

சர்வேயர் மகள் பக்கம் திரும்பினார். அவள் பக்கம் திரும்பத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சம்மதம்னு சொல்லத்தாம்மா ஓடி வந்தேன். அதுக்கும் என்கிட்ட ஆதாரம் கிடையாது."

மகள் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்பதற்கு அவளிடம் கேள்விகள் இருந்தன, அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் பதில்களைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரிப்பா," என்றாள் அவள். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுக்கி வைத்த பதில்களை என்ன செய்வதென்று தெரியாமல், சர்வேயர் கையில் திருப்புளியோடு வாசலிலேயே நின்று அழுதார்.