இரண்டு குடைக்காரன்

இடைவளவு ஊர்க்கவுண்டர் தனபாலின் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல்லைக் கேட்டவர் கொல்லிமலையில் யாருமில்லை. எதைக் கேட்டாலும் ‘ஆகட்டுங்க’ என்பார். மிளகு வாங்க இரண்டு வியாபாரிகள் ஒரே நாளில் மலையேறி வந்துவிட்டால், ஒருவரை வாசலில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். மற்றவரைக் கொல்லைப்பக்கம் பலாமரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுப்பார். இருவருக்கும் ஆகட்டுங்கதான். சாயங்காலம் மூட்டை யார் வண்டியில் ஏறியது என்பது வேறு விஷயம். தனபால் நம்ம ஆள் என்ற நினைப்போடுதான் இருவருமே மலையிறங்குவார்கள்.

அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஊர் இருக்கிற இடம் அப்படி. இடைவளவு மொத்தமே நாற்பது வீடு. கிழக்கே திருப்புலி நாடு, மேற்கே பெரக்கரை நாடு. மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்கு இறங்க வேண்டுமென்றால் திருப்புலிக்காரர்கள் ரோட்டில்தான் போகவேண்டும். குடிக்கவும் மிளகுக்கொடிக்கு விடவும் தண்ணீர் வேண்டுமென்றால் பெரக்கரைக்காரர்கள் சுனையிலிருந்து குழாயில்தான் வரவேண்டும். ரோட்டுக்காரரைப் பகைத்தால் கிழங்கு அழுகும், சுனைக்காரரைப் பகைத்தால் கொடி காயும். இரண்டு நாட்டுத் திருவிழாவுக்கும் போய், இரண்டு இடத்திலும் விழுந்து கும்பிட்டு, இரண்டு பந்தியிலும் அரைவயிறு சாப்பிட்டுத் திரும்புவது இடைவளவுக் கவுண்டர்களின் பரம்பரைத் தொழில்.

அந்தத் தொழிலுக்கு ஒரு கல்லால் ஆபத்து வந்தது.

தனபாலின் மனைவி அம்சவேணி பதினெட்டு வருடமாகத் துணி துவைத்து வந்த கல் அது. கார்த்திகையில் புதுக் குழாய்க்குப் பள்ளம் வெட்டுகையில் அதைப் புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கத்தில் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். கையில் வாள், முறுக்கிய மீசை, தலைக்கு மேல் ஒன்றுக்கு இரண்டு குடை. சுற்றிலும் மண்புழு ஊர்ந்த தடம்போல எழுத்து.

அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் சரித்திரம் நடத்தும் சத்யா கேள்விப்பட்டு வந்தார். பிரஷ்ஷால் தேய்த்து, தாளை ஈரம்செய்து ஒட்டி, மை ஒற்றி, இரண்டு நாள் குனிந்தே கிடந்து படித்தார். வட்டெழுத்து, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தையது என்றார். கல்லில் இருந்தவன் பெயர் சாத்தன் கோவன். இந்த மலையை ஆண்ட சிற்றரசன். கிழக்கே ஒரு பெரிய ராஜா, மேற்கே ஒரு பெரிய ராஜா, இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. படை போக வர இந்த மலைக்கணவாய் இருவருக்குமே வேண்டும். கிழக்கத்தியார் சாத்தனுக்கு ஒரு குடை கொடுத்து என் ஆள் என்றார். மறுவருடம் மேற்கத்தியாரும் ஒரு குடை கொடுத்து என் ஆள் என்றார். சாத்தன் இரண்டையும் பிடித்துக்கொண்டான். அவருக்குத் தேனும் அகிலும், இவருக்கு யானைத் தந்தமும் வருடம் தவறாமல் போயின. இரண்டு பெரிய போர் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் சாத்தன் போகவில்லை. நாற்பத்திரண்டு மழை ஆண்டான், நரை கண்டு இறந்தான் என்று கடைசி வரி.

“நடுகல்லுன்னா சண்டையில செத்தவங்களுக்கு வைப்பாங்க,” என்றார் சத்யா. “சாகாம இருந்ததுக்காக ஒருத்தருக்குக் கல் வெச்சிருக்கறதை இப்பத்தாங்க பாக்கறேன்.”

அன்று தனபால் மூன்று தடவை எழுந்துபோய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார். மற்றவர்கள் கண்ணுக்கு அவன் பழைய ராஜா. தனபாலுக்கோ, தன் உத்தியோகத்தை முன்னால் பார்த்து ஓய்வுபெற்றுப் போன ஆளைச் சந்தித்ததுபோல் இருந்தது. அம்சவேணி, இத்தனை வருடம் இந்த மனுசன் முதுகில் ஈரத்துணியால் அடித்திருக்கிறேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடமே, இனி துணியை எங்கே துவைப்பது என்றும் கேட்டார்.

செய்தி பத்திரிகையில் வந்தது. வாசலூர்பட்டி ஏரியில் படகுவிட வந்த டவுன்காரர்கள் இடைவளவுக்கு வழி விசாரிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? திருப்புலி நாட்டுக்குத் தலைவரான நாட்டார் கருப்பண்ணன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்தார். தனபாலுக்கு மாமன் முறை. சாத்தன் எங்கள் வம்சம், அந்த மீசையே சாட்சி, கல்லை எங்கள் கோயிலில் வைப்பதுதான் நியாயம் என்றார். தனபால் வாய் பழக்கதோஷத்தில் ஆகட்டுங்க என்றது, கை தட்டை வாங்கிக்கொண்டது. நாலாம் நாள் பெரக்கரை நாட்டார் சின்னக்கண்ணு வந்தார், அவரும் தாம்பாளத்தோடு. இவர் பங்காளி, அண்ணன் முறை. அதே வம்சம், அதே மீசை. அதே ஆகட்டுங்க.

மலையில் வெற்றிலைத் தட்டு வாங்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பத்திரத்தைக்கூட மாற்றி எழுதலாம், வாங்கிய வெற்றிலையைத் திருப்பித் தரமுடியாது. போதாக்குறைக்கு இருவரும் குறித்த நாள் ஒன்றே: தை முதல் திங்கள்.

“மொளகு விக்கற மாதிரி சாமியவும் ரெண்டு பேருக்கு வித்துப்போட்டீங்களா?” என்றார் அம்சவேணி.

கல் கிழக்கே போனால் தண்ணீர் நிற்கும், மேற்கே போனால் லாரி நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் சாத்தனைப் பார்க்க இனி அடுத்த நாட்டுக்கு நடக்கவேண்டும். வாயால் வந்ததை வாயால் தீர்க்கமுடியாது என்று தனபாலுக்கே தெரிந்தது. சாத்தன் முன்னால் உட்கார்ந்து யோசித்தார். போருக்குக் கூப்பிட்டபோது நீ என்ன சொல்லி ஒதுங்கினாய் என்று மனதுக்குள் கேட்டார். நான் வரத் தயார், வானம் விடவில்லை என்று சொல்லியிருப்பான். வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

திங்கட்கிழமை விடிந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. திருப்புலிக்காரர்கள் டிராக்டரில் வந்தார்கள், பெரக்கரைக்காரர்கள் பிக்கப் வண்டியில் மேளத்தோடு வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் மேளம் நின்றது. நூறு பேர் தனபாலைப் பார்த்தார்கள். அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“மாமனுக்கும் ஆகட்டுமின்னேன், அண்ணனுக்கும் ஆகட்டுமின்னேன். என்ற பேச்சுல மாத்தமில்லீங்க. ஆனா, கல்லு என்ன சொல்லுதுன்னு யாரும் கேக்கலீங்களே? ஆடு துலுக்கட்டும். எந்த நாட்டு ஆடு துலுக்குதோ அந்த நாட்டுக்குப் போகட்டும்.”

அதை மறுத்துப் பேச யாராலும் முடியாது. ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். அது உடம்பை உதறித் துலுக்கினால் சாமி சம்மதம். மூன்று ஊற்றுக்கும் துலுக்காவிட்டால் சம்மதமில்லை, அந்த ஆட்டை வெட்டவும் கூடாது. தண்ணீர் மட்டும் இடத்துக்காரர் வீட்டிலிருந்து வரவேண்டும். அது வழக்கம்.

சந்தையில் ஆடு பிடித்துப் பழகிய தனபாலுக்கு இன்னொரு சங்கதியும் தெரியும். தை மாதக் காலையில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் சாமி இல்லாத இடத்தில்கூட ஆடு துலுக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் ஊற்றினால் சொக்கிப்போய் நிற்கும். இதை அம்சவேணியிடம் மட்டும் சொல்லியிருந்தார். பனியில் குடத்திலிருந்து ஆவி கிளம்புமே என்பதை அவர் யோசிக்கவில்லை, அம்சவேணி யோசித்திருந்தார். ஒரு கையில் வேப்பிலை செருகிய மஞ்சள் குடம், மறுகையில் குபுகுபுவென்று புகையும் சாம்பிராணிக் கரண்டி. எது ஆவி, எது புகை என்று யாருக்குத் தெரியும்?

திருப்புலிக் கிடாய் முதலில் வந்தது. ஒரு சொம்பு. அது காதை ஆட்டக்கூட இல்லை. இரண்டாவது சொம்பில் கண்ணை மூடியது. மூன்றாவதில் கருப்பண்ணன் காலோடு சாய்ந்துகொண்டது. பெரக்கரைப் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

“ஏனுங்க, உங்க ஆட்டுக்கு ராத்திரி தூக்கமில்லீங்களா?” என்று சின்னக்கண்ணு குசலம் விசாரித்தார்.

கருப்பண்ணன் ஆட்டை விலக்கினார். அவர் வேட்டி நனைந்திருந்தது. நனைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு குடத்தைப் பார்த்தார், பிறகு தனபாலைப் பார்த்தார். ஒரு சொல் போதும். ரோடு போயிற்று, சுனை போயிற்று, சாத்தனும் போனான்.

அந்த நேரம் பார்த்து சின்னக்கண்ணு, எங்கள் ஆட்டுக்கு எங்கள் சுனைத் தண்ணீரைப் புதிதாகப் பிடித்து ஊற்றுங்கள், குழாயைத் திறந்தால் வருகிறது என்றார்.

“அதெப்புடி?” என்றார் கருப்பண்ணன். “எங்களுக்கு எந்தக் கொடமோ உங்களுக்கும் அந்தக் கொடந்தான். ஆறிப்போறதுக்குள்ள ஊத்து அம்மிணி.”

கடைசி வாக்கியம் அம்சவேணிக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. தனபாலுக்கும் கேட்டது. ஆயிரத்து நூறு வருடத்து ரகசியம் அவருக்கு அங்கேதான் பிடிபட்டது. சாத்தனைக் காப்பாற்றியது தேனுமில்லை, தந்தமுமில்லை. மலை எனக்கு வராவிட்டால் போகட்டும், அவனுக்குப் போகக்கூடாது என்று இரண்டு ராஜாக்களும் நாற்பத்திரண்டு வருடம் அவனுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள்.

பெரக்கரைக் கிடாய் முதல் சொம்புக்கே கண்ணை மூடியது. மூன்றாவதற்குள் அசைபோட ஆரம்பித்துவிட்டது. இப்போது சிரித்தது திருப்புலிப் பக்கம். சின்னக்கண்ணு முகம் சுண்டி, மிச்சத் தண்ணீரில் கைகழுவக் குனிந்தார். கை குடத்துக்குள் போனது, சற்று நேரம் அங்கேயே இருந்தது. நிமிர்ந்து எதிரே கருப்பண்ணனைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார்.

“சாமிக்கு எடம் மாற இஷ்டமில்ல போல,” என்றார் சின்னக்கண்ணு.

“அப்புடித்தான் தெரியுது,” என்றார் கருப்பண்ணன்.

வெட்டக்கூடாத ஆடு இரண்டும் உயிர் பிழைத்ததில், கறிச்சோற்றுக்கு வந்த நூறு பேருக்கும் அம்சவேணி சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும் போடவேண்டி வந்தது. போகும்போது இரு நாட்டாரும் தங்கள் கிடாயைச் சாத்தனுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த தையில் மறுபடி கேட்டுப் பார்ப்பார்களாம். தனபால் ஆகட்டுங்க என்றார்.

வாரம் திரும்புவதற்குள் திருப்புலியிலிருந்து ஒரு பட்டுக்குடை வந்து கல்லின் வலப்பக்கம் நின்றது. மூன்றாம் நாள் பெரக்கரையிலிருந்து அதைவிட ஒரு சாண் பெரிய குடை வந்து இடப்பக்கம் நின்றது. கூடவே, துவைக்கக் கல் இல்லாமல் அம்சவேணி சிரமப்படுவது இரு நாட்டிலும் தெரிந்துபோய், டிராக்டரில் ஒரு கல்லும் பிக்கப்பில் ஒரு கல்லும் வந்து இறங்கின. பிக்கப் கல்தான் வழுவழுப்பு. அம்சவேணி அதையே வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

தனபால் விடவில்லை. இப்போது அம்சவேணி திங்கள், புதன், சனி திருப்புலிக் கல்லில் துவைக்கிறார். செவ்வாய், வியாழன், ஞாயிறு பெரக்கரைக் கல்லில். வெள்ளிக்கிழமை துவைப்பதே இல்லை, யாராவது தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்று.