ஊதச் சொல்பவன்

பஸ் டெப்போவில் எனக்கு ஒரே வேலை. காலையில் வண்டி எடுக்க வரும் ஒவ்வொரு டிரைவரையும் ஒரு சின்னக் கருவியில் ஊதவைக்க வேண்டும். திரையில் பூஜ்யம் வந்தால் சாவி. வேறு எந்த எண் வந்தாலும் வீடு. முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஊதல்’ என்கிறார்கள், எனக்குத் தெரியும். யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் இல்லாத நேரத்தில் எவனாவது கை வைத்துவிடுவான் என்று அந்தக் கருவியைக்கூடத் தினமும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறவன் நான்.

இந்த வேலைக்கு வந்த பதினொரு வருடமும் நானும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை ஊதச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். ஒருநாள் மேனேஜர் ஒரு தாளை ஒட்டினார். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து சோதிப்பவர்களும் ஊத வேண்டுமாம். என்னை மனதில் வைத்துத்தான் ஒட்டினாரா என்று மூன்று நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பல் டாக்டர் வாசலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. குடியை விட நினைப்பவர்கள் கூடுகிறோம், வாருங்கள் என்று எழுதி, கீழே ஒரு நம்பர். மச்சானின் போனை இரவல் வாங்கித்தான் கூப்பிட்டேன். எடுத்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, கட்டணம் இல்லை என்றார், நாலு இடங்களின் முகவரியையும் நேரத்தையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெயரும் காசும் கேட்காமல் எவன் எதைக் கொடுப்பான்? இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாதென்று ஊரின் மறுகோடியில் இருந்த இடமாகத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும்.

அச்சகத்துக்கு மேலே ஒரு மாடி அறை. படிக்கட்டு முழுக்க மை வாசனை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. இதுவும் ஒரு தந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தேன். தைரியத்துக்கு ஒரு டம்ளர் உள்ளே போயிருந்தது. வாயில் மூன்று புதினா மிட்டாய்.

ஒரு தையல்கார அம்மா, பாட்டிலை வெட்டுத்துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்த கதையைச் சொன்னார். நடுவில் ஒரு தடங்கல்கூட இல்லை. ஒப்பித்துப் பழகிய ஆள் என்று நினைத்தேன். அப்போதுதான் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். பதினேழாம் நம்பர் பஸ் டிரைவர். இரண்டு மாதம் முன்னால் நான் வீட்டுக்கு அனுப்பியவன். அவன் காட்டிய எண் புள்ளி பூஜ்யம் நாலு, அதற்கு ஒரு மாதம் சஸ்பெண்ட். அவன் நாளைக்கே டெப்போவில் சொல்லிவிடுவான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் பை ‘பீப்’ என்றது. கருவியில் சார்ஜ் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்கு அது என்ன சத்தமோ. தினமும் காலையில் அதைக் கேட்கிறவனுக்குத் தெரியாதா?

அவன் எழுந்துவிட்டான். “இங்கயும் வந்துட்டீங்களா சார்? யாரை புடிக்க?”

அறையே என் பையைப் பார்த்தது. பெயர் கேட்காத இடத்துக்கு நான் வேவு பார்க்க வந்துவிட்டேனாம். தையல்கார அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. எவ்வளவு சந்தேகத்தோடு நான் அவர்களைப் பார்த்தேனோ அதே பார்வை திரும்பி வந்தது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நானாயிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கருவியை எடுத்தேன். புதுக் குழாயைச் சொருகி, எல்லோரும் பார்க்க நானே ஊதினேன். புள்ளி பூஜ்யம் ஆறு. அதை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவனுடைய ஒரு மாத வேலையைப் பறித்த எண்ணைவிடப் பெரிது. பிறகு பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். எண் வந்தால் வீடு, எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

“எங்க போறீங்க?” என்றான். “அது டெப்போலண்ணே. இங்க நம்பர் வந்தவங்களுக்குத்தான் நாற்காலியே. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஆனாலும் அவனை நம்பவில்லை. அன்று வீட்டில் பாட்டில் இருக்கும் அலமாரியைத் திறக்காமல் படுத்ததுகூடப் பாதி பயத்தில்தான்.

மறுநாள் காலை வரிசை நின்றது. பக்கத்தில், ஒருநாளும் வராத மேனேஜர். சொல்லிவிட்டான், பாவி. அவன் முறை வந்ததும் கவுண்டரில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “நீங்க ஊதிட்டீங்களா?” என்றான்.

ஊதவில்லை. பயம். என்னை மாட்டிவிடக் கேட்கிறானா, அக்கறையில் கேட்கிறானா என்று அந்த முகத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. குழாயைச் சொருகி ஊதினேன். ஒன்றாம் தேதி இன்றைக்கே வந்துவிட்டதா என்று மேனேஜர் சிரித்தார். கருவி யோசிக்கப் பத்து வினாடி எடுத்துக்கொள்ளும். ஊரில் யாரையும் நம்பாத நான், அந்தப் பத்து வினாடியும் என்னையே நம்பாமல் நின்றேன்.

பூஜ்யம்.

மேனேஜர் வேறு ஏதோ பைலைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். அதற்குத்தான் வந்திருக்கிறார். அவனும் ஊதினான், பூஜ்யம். சாவியை நீட்டும்போது அது என் விரலில் கிலுகிலுவென்று ஆடியது. அவன் என் கையையும் சேர்த்துப் பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டான்.

“நடுங்கட்டும்ண்ணே,” என்றான். “எனக்கு நாலு நாள் நடுங்குச்சு.”

அடுத்தவனை ஊதச் சொன்னேன்.