லெய் சாருக்கு உடம்பு சரியில்லை

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வராத நோய் இல்லை. நவம்பரில் காய்ச்சல். அப்புறம் கணுக்கால் சுளுக்கு. டிசம்பர் பிறந்ததும் பல்வலி. அதற்கடுத்த வாரம் டாக்டர்களுக்கே பெயர் தெரியாத ஏதோ ஒன்று. எல்லாம் ஃபாங் டீச்சர் சொன்னவை. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஃபாங் டீச்சர் ஐந்தாம் வகுப்பு மூன்றாம் பிரிவுக்குக் கணக்கு எடுப்பவர், வகுப்பாசிரியையும் அவர்தான். நான் அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். என்னுடைய பீரியட் மணி அடித்ததும் அவர் சாக்பீஸோடு உள்ளே போய், "உங்க லெய் சாருக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல. புஸ்தகத்தை எடுங்க" என்பார். பிள்ளைகள் பெருமூச்சு விட்டுவிட்டு பின்னக் கணக்கைத் திறப்பார்கள்.

நானும் தடுக்கவில்லை. ஆற்றுக்காற்று அடிக்கும் மைதானத்தில் நிற்பதைவிட, வாட்ச்மேன் அறையில் ஹீட்டர் பக்கம் உட்கார்ந்து அவரோடு சதுரங்கம் ஆடுவது சுகமாக இருந்தது. போதாததற்கு, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஃபாங் டீச்சர் தன் கையால் புகையில் உலர்த்திய பன்றி இறைச்சியில் ஒரு பெரிய துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். அந்த ருசிக்கு நான் இன்னும் இரண்டு நோய்களைத் தாங்கியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஏறினேன். வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடிப் படியில் யாரோ வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருப்பா அது? கொஞ்சம் தள்ளு" என்றேன் மூட்டைக்கு அடியிலிருந்து.

"சார்?" மேலே இருந்து ஒரு பெண் குரல். "லெய் சாரா? நீங்க நடக்கறீங்களா?"

ருவோலின். செப்டம்பரில்தான் மலைக்கிராமப் பள்ளியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். படியில் உட்கார்ந்திருந்தது அவள் பெஞ்சுத் தோழன் ஹுவாய்யு. நூடுல்ஸ் கடைக்காரர் மகன், நல்ல உருண்டையான பையன். முகம் சிவந்து, உதடு வெளுத்து, மடியில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மூட்டையை இறக்கினேன். ருவோலின் ஓடி இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"இந்த டெர்ம்ல நீங்க எழுந்திருக்கவே மாட்டீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எங்க ஊர்ல ஒரு மாமாவுக்கும் இப்படித்தான் சார், காய்ச்சல்ல ஆரம்பிச்சு..." மேலே சொல்ல முடியாமல் ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்காகப் பேரிக்காயைக் கல்கண்டு போட்டு வேக வெச்சுக் கொண்டாந்தேன்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் சார் வரல?"

நான் குனிந்து மூட்டையின் கட்டைச் சரிபார்த்தேன். ஹுவாய்யுதான் காப்பாற்றினான்.

"நான் அப்பவே சொன்னேன் சார், டீச்சர் சும்மா சொல்றாங்கன்னு. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். இவ ஒருத்திதான் நம்பிட்டா. புதுசா வந்தவ இல்லையா."

"தெரிஞ்சும் நீ எதுக்குடா வந்த?"

"ஃபிளாஸ்க் தூக்க ஆள் வேணும்னு சொன்னா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "பேரிக்காய்னும் சொன்னா."

"சாருக்குக் கொண்டாந்ததுல பாதியைக் குடிச்சுட்டான்!" என்றாள் ருவோலின்.

"தலை சுத்துச்சு, குடிச்சேன். உனக்கென்ன, ஆடு மாதிரி ஏறுற."

இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மீதி இரண்டு மாடிக்கு ஹுவாய்யு மூன்று தடவை நின்றான். மிச்சமிருந்த பேரிக்காய்ச் சாற்றை அவர்கள் எதிரிலேயே ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். தித்திப்பாக இருந்தது. பதினொரு வயசுப் பையன் நாலு மாடி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அந்த நாளெல்லாம் நான் சதுரங்கத்தில் வாட்ச்மேனை ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை என் பீரியடுக்கு மணி அடித்ததும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் போய் நின்றேன். ஃபாங் டீச்சர் ஏற்கெனவே பலகையில் பாதி எழுதிவிட்டார்.

"லெய் சார், உங்களுக்குத்தான் உடம்பு..." என்று கண்ணைக் காட்டினார்.

ருவோலின் எழுந்து நின்றுவிட்டாள். "இல்ல டீச்சர். சாருக்குச் சரியாயிடுச்சு. அரிசி மூட்டையைத் தூக்கிட்டு ஆறு மாடி ஏறுனாரு. நானே பாத்தேன்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல சேதியாகத்தான் சொன்னாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஃபாங் டீச்சரின் காது நுனி வரை சிவந்தது. சாக்பீஸோடு வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கு. போன வருஷம் நம்ம கிளாஸ் வட்டத்துலயே கடைசி. கூட்டத்துல என்னை எழுந்து நிக்க வெச்சாங்க, மறந்துட்டீங்களா?"

"மறக்கல டீச்சர். ஆனா நம்ம ஹுவாய்யு நாலு மாடிக்கு மேல ஏற முடியாம உக்காந்துட்டான்."

"நாலா?"

"நாலுதான்."

அவருக்கு எண்ணில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். திரும்பி ஹுவாய்யுவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் சாக்பீஸைப் பெட்டியில் போட்டார்.

"நாப்பது நிமிஷம். ஒரு நிமிஷம் கூடுனாலும் நானே வந்து இழுத்துட்டுப் போயிடுவேன்."

அவர் என்னை நம்பவில்லை. கூடவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் விடைத்தாள் கட்டையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஸ்கிப்பிங் கயிறுகளைப் பிரித்துக் கொடுத்தேன். ஒருத்தர் குதிக்க, ஜோடி எண்ண வேண்டும். பிள்ளைகள் தம் சினேகிதர்களுக்குத் தாராளமாக எண்ணினார்கள்.

"நூத்தி இருபது!" என்றான் ஒருவன்.

"தொண்ணூத்தி ஆறு" என்றார் ஃபாங் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலை தூக்காமல். "ரெண்டு தடவை கயிறு கால்ல மாட்டுச்சு. அதுவும் கணக்குல சேருமா?"

கால் மணி நேரத்தில் விடைத்தாள் கட்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. டீச்சர் எழுந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணினால் ஒன்றுகூட அதிகமாகாது, ஒன்றுகூடக் குறையாது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. "டீச்சர் எனக்கு எண்ணுங்க" என்று வரிசையே நின்றது. அன்று ஹுவாய்யு முப்பத்தொன்று. அவனுடைய முப்பத்தொன்றையும் அவர் அதே குரலில்தான் சொன்னார்.

ஜனவரிப் பரீட்சையில் அந்த வகுப்பு கடைசிக்கு முந்தைய இடம் பிடித்தது. ஃபாங் டீச்சர் எனக்கு நன்றியும் சொல்லவில்லை, என்மேல் பழியும் போடவில்லை. புத்தாண்டுக்கு இறைச்சி வந்தது. துண்டு மட்டும் கொஞ்சம் சிறிது.

ஏப்ரலில் உடல்தகுதித் தேர்வு நடந்தது. மூச்சுக் கொள்ளளவு, குனிந்து விரல் நீட்டுவது, ஸ்கிப்பிங் எல்லாம் காலையிலேயே முடிந்தன. கடைசியாக, ஐம்பது மீட்டர் கோட்டுக்குக் கோடு எட்டுத் தடவை ஓட வேண்டும். ருவோலின் பெண்களில் முதலாவதாக வந்துவிட்டு, மூச்சுகூட வாங்காமல் ஓரமாக நின்று ஹுவாய்யுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பையன்கள் எல்லாரும் முடித்த பிறகு மைதானத்தில் அவன் மட்டும் இருந்தான். ஆறாவது தடவை கோட்டைத் தொட்டதும் முழங்காலில் கை ஊன்றி நின்றுவிட்டான்.

"போதும் சார்."

நானும் ஸ்டாப்வாட்சை நிறுத்தப் போனேன். நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவனை ஏன் வதைக்க வேண்டும்?

"ஆறு!" என்று எதிர்க் கோட்டிலிருந்து ஃபாங் டீச்சர் கத்தினார். "ஆறுதான் ஆகியிருக்கு! எட்டுலேருந்து ஆறு போனா எவ்வளவு?"

"ரெண்டு" என்றான் மூச்சுக்கு நடுவில்.

"அப்ப வா!"

வந்தான். ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. வகுப்பே கோட்டோரம் வந்து நின்றது. "ஏழு" என்றார் டீச்சர். திரும்பினான். அந்தக் கடைசி ஐம்பது மீட்டரில் அவன் ஷூ நாடா அவிழ்ந்தது. குனிந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தோ என்னவோ, அப்படியே வந்தான். "எட்டு!"

புல்லில் மல்லாந்து விழுந்தான். மூன்று நிமிடம் ஏழு விநாடி.

"சார், ஃபெயிலா?"

"ஃபெயில்தான்டா."

"எட்டும் ஓடிட்டேன்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள், அவன் பின்னாலேயே வந்திருந்த ஃபாங் டீச்சர் அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவிழ்ந்த நாடாவைக் கட்ட ஆரம்பித்தார்.

"எட்டு" என்றார். "நான்தானே எண்ணுனேன்."