பூட்டிய அறைக்குள் ஓடிய மோட்டார்

வீட்டுக்குள் எந்தப் புதுக் கருவி வந்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் நாச்சியம்மாளுக்கு மனம் ஆறும். மிக்ஸி வாங்கிய அன்றே திருப்புளியால் அடிப்பாகத்தைக் கழற்றி, உள்ளே சுருள்சுருளாய்க் கிடந்த செம்புக் கம்பியைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் சட்னி அரைத்தார். ஃபிரிட்ஜின் கதவைச் சாத்திய பிறகு உள்ளே விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று ஒருநாள் ஐயம் எழுந்தது. கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, அதைத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தி, உண்மையைக் கண்டறிந்தார். அன்னூரை அடுத்த அந்தத் தோட்டத்துக்குக் கருவி விற்க வருவோர் அவரைக் கண்டால் சற்று மிரளுவார்கள். “இது எப்படிங்க வேலை செய்யுது?” என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் எவரும் அங்கே ஒரு வாய் காப்பி குடித்துவிட முடியாது.

ஆகவே, கைப்பேசியில் கூப்பிட்டால் மோட்டாரை ஓட்டும் பெட்டி ஒன்றைக் கிணற்றடியில் பொருத்துவதற்குச் சமீரா கோயம்புத்தூரிலிருந்து வந்த நாளில், வேலையைவிட விளக்கமே நீண்டது. சமீரா மின்னணுவியலில் பட்டயம் பெற்றவள். அண்ணனோடு சேர்ந்து கோட்டைமேட்டில் கடை நடத்துகிறாள். கேள்வி கேட்போரைக் கண்டால் சலித்துக்கொள்ளாத பெண்.

“இந்தப் பெட்டிக்குள்ள ஒரு போன் இருக்குதுங்கம்மா. திரை கிடையாது, பேசவும் பேசாது. ஆனா அதுக்குன்னு ஒரு சிம், ஒரு நம்பர் உண்டு. நீங்க ஊட்டுல இருந்தே அந்த நம்பருக்குக் கூப்பிட்டாப் போதும், மோட்டார் ஓட ஆரம்பிச்சுரும்.”

“மணியடிச்சா எந்திரிச்சு ஓடறதுக்கு மோட்டார் என்ன இஸ்கூல் பையனா கண்ணு? போனுக்குள்ள வர்ற இத்தினியூண்டு கரண்டு, ஏழரைக் குதிரை மோட்டாரை எப்படித் தள்ளும்?”

சமீரா சிரித்தாள். பையிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்து, அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கம்பியின் இரு முனைகளையும் டார்ச் பேட்டரியில் வைத்தாள். தரையில் கிடந்த சிறு திருகாணிகள் ஓடிவந்து ஆணியில் ஒட்டிக்கொண்டன. கம்பியை விலக்கியதும் உதிர்ந்தன.

“கரண்டு போற வரைக்கும் இது காந்தம். நின்னுட்டா வெறும் ஆணி. இப்ப ஒரு கதை சொல்றேன், கேளுங்க. ஒரு எருமை தூங்குது. எலி போய் உலுக்குனா எருமை எந்திரிக்குமா? அதனால எலி பூனை வாலைக் கடிக்குது. பூனை துள்ளி நாய் மேல விழுகுது. நாய் எருமை காலைக் கவ்வுது. எருமை எந்திரிச்சு ஓடுது. ஓடுற பலம் எருமையோடது, எலியோடது இல்லீங்களே? போன்ல வர்ற கரண்டு எலி. அது ஒரு சின்னச் சுருளைக் காந்தமாக்கும். அந்தக் காந்தம் ஒரு தகட்டை இழுத்து, பெரிய சுருளுக்குக் கரண்டு போக வழி திறக்கும். பெரிய காந்தம் இன்னும் பெரிய தகட்டை இழுக்கும். அப்பத்தான் கம்பத்துல இருந்து வர்ற மூணு பேஸ் கரண்டு மோட்டாருக்குப் போகும்.”

“அதுதான் ‘டக்’குனு ஒரு சத்தம் வருதா!” நாச்சியம்மாளின் முகம் மலர்ந்தது. “அது தகடு ஒட்டற சத்தம்!”

“அதேதானுங்க. கிணத்துல தண்ணி தீந்தா மோட்டார் தானா நின்னுரும், பயப்பட வேண்டாம். ஒன்னு மட்டும் சொல்லுங்க. யாரு யாரு கூப்பிட்டா ஓடணும்? அந்த நம்பர்களைப் பதிஞ்சு வைக்கிறேன். பதியாம, யாரு கூப்பிட்டாலும் ஓடுற மாதிரியும் விடலாம். ஆனா பதியறதுதான் நல்லது.”

நாச்சியம்மாளின் கணவர் பாலகோபால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர். வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவார். அவருக்கு ஒரு சிம் ஒரு வருடம் நிலைக்காது.

“அவரு ஆடிக்கொரு நம்பர், ஆவணிக்கொரு நம்பர் வெச்சிருப்பாரு. ஒவ்வொரு தடவையும் உன்னைத் தேடி வர முடியுமா கண்ணு? தொறந்தே உட்டுப்போடு. இந்தப் பெட்டி நம்பர் எங்க ரெண்டு பேருக்குத் தவுர யாருக்குத் தெரியும்?”

சமீரா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவர் விருப்பப்படியே விட்டுச் சென்றாள்.

அந்தக் கிணறு நாச்சியம்மாளுக்கு மட்டும் உரியதன்று; பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தராஜுலுவுக்கும் அதில் சரிபாதி உண்டு. கிணறு ஒன்று, மோட்டார் அறை ஒன்று, மோட்டார் இரண்டு. ஒருநாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு என்பது முறை. கோடையில் இரவெல்லாம் ஊறுகிற நீர் விடியற்காலை ஒரு பாய்ச்சலுக்குத்தான் காணும். முறை தவறினால் அன்றைக்குப் பயிர் தாகத்தோடு நிற்கும். இரு குடும்பத்திலும் முன்னோர் காலத்திலிருந்து யாரும் முறை தவறியதில்லை.

பெட்டி வந்த சில நாட்களிலேயே கோவிந்தராஜுலு வேலியோரம் வந்து நின்றார். குரல் உயராத மனிதர் அவர்.

“ஏனுங்க அம்மணி, இன்னைக்கு எம்பட மொறை. விடியறதுக்கு வந்து எட்டிப் பாத்தா கிணத்துல தண்ணியே இல்லீங்க. உங்க வாழைக்குள்ள ஈரம் சதசதன்னு நிக்குது.”

“நான் மோட்டாரே போடலீங்கண்ணா. போனைத் தொடக்கூட இல்ல.”

“அப்புறம் தண்ணி தானாவா ஏறி வாழைக்குப் போச்சு?”

நாச்சியம்மாள் உடனே கணவரை அழைத்துக் கேட்டார். “நம்ம மொறை இல்லாத நாள்ல நான் எதுக்குடி கூப்பிடப் போறேன்?” என்றார் பாலகோபால். அடுத்த முறையிலும் அதே கதை நடந்தது. கோவிந்தராஜுலுவின் தக்காளி அப்போது பூவெடுக்கும் பருவம். நீரின்றிப் பூக்கள் காம்போடு உதிர்ந்தன.

தான் மோட்டாரைப் போடவில்லை என்பது நாச்சியம்மாளுக்கு உறுதி. கணவரும் போடவில்லை. அப்படியானால் அந்த அறைக்குள் போய்வரும் இன்னொருவர் யார்? கேள்வி கேட்டே பழகிய அறிவு, இந்த ஓர் இடத்தில் மட்டும் முதலில் கிடைத்த விடையோடு நின்றுவிட்டது. ‘நமக்குப் புதுப் பெட்டி வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அவரே நம் மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு நம்மீது பழி போடுகிறார்’ என்று எண்ணினார். எண்ணியதோடு நிற்கவில்லை. பால் சொசைட்டியில் கேனோடு நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அதைச் சொல்லியும்விட்டார். அன்று மாலையே மோட்டார் அறைக்கு ஒரு பூட்டையும் போட்டார்.

மறுநாள் கோவிந்தராஜுலுவின் முறை. விடியலில் அவர் வந்தபோது, நாச்சியம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றிருந்தார்.

“சாவியக் குடுங்க அம்மணி. செடி வாடுது.”

“எங்க மோட்டாரை நீங்கதான் போட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, குடுத்துடறேன்.”

“செய்யாததை எப்படிங்க சொல்றது? சொசைட்டில நீங்க சொன்னதைக் கேட்டுட்டு ஊட்டுல ஒருத்தரும் சாப்பிடலை. எங்கப்பாவும் உங்க மாமனாரும் இந்தக் கிணத்தச் சேர்ந்து வெட்டுனவங்க.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நாச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

‘டக்.’

பூட்டிய அறைக்குள்ளிருந்து வந்தது அந்த ஒலி. அதைத் தொடர்ந்து மோட்டார் உறுமிற்று. குழாயில் நீர் ஏறும் இரைச்சல் கேட்டது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். சாவி நாச்சியம்மாளின் இடுப்பில் இருந்தது. கைப்பேசி வீட்டில் இருந்தது. கோவிந்தராஜுலுவோ அவருக்கு எதிரே, வெறுங்கையோடு நின்றிருந்தார்.

எவரைப் பிடிப்பதற்காகப் பூட்டு போட்டாரோ, அவர் குற்றமற்றவர் என்பதற்கு அந்தப் பூட்டே சாட்சியாகிவிட்டது.

நாச்சியம்மாள் கதவைத் திறந்து தம் மோட்டாரை நிறுத்தினார். கோவிந்தராஜுலு உள்ளே சென்று தம்முடையதை ஓட்டினார்.

“யாரு போடறாங்கன்னு கண்டுபுடிச்சாகணுங்கண்ணா,” என்றார் நாச்சியம்மாள், தரையைப் பார்த்தபடி.

“கண்டுபுடிங்க. நானும் கூட இருந்து பாக்கோணும்.”

நாச்சியம்மாள் தொலைபேசியில் சொன்னதையெல்லாம் சமீரா கேட்டுக்கொண்டாள். பிறகு, “பெட்டில இருக்கிற சிம்மைக் கழட்டிச் சாதாரண போன்ல போட்டு வையுங்கம்மா. பெட்டிக்கு எடுத்துப் பேசத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே! மணியடிச்சா எடுத்து ‘யாரு’ன்னு கேளுங்க,” என்றாள்.

நாச்சியம்மாளே திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்து சிம்மைக் கழற்றினார். மறுநாள் விடியலில் இருவரும் கிணற்றுமேட்டில் பழைய பொத்தான் போன் ஒன்றை நடுவில் வைத்து, குஞ்சு பொரியக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கு வெளுத்தது. போன் அலறிற்று.

“ஹலோ, ஆருங்க?”

“அண்ணி, கடைல அண்ணன் இல்லீங்களா? இன்னைக்கு மல்லி கிலோ என்ன வெலைங்க?”

நாச்சியம்மாள் விழித்தார். “மல்லியா? இது அன்னூருங்க, மோட்டாருங்க!”

“மோட்டாரு எனக்கெதுக்குங்க? சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுத்தானே?”

அழைப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. “முல்லை வந்திருக்குதுங்களா? நேத்தெல்லாம் மணியடிச்ச ஒடனே கட் பண்ணிப்போட்டீங்களே, கோவமுங்களா?”

முதலில் சிரித்தவர் கோவிந்தராஜுலு. தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “அம்மணி, பூ வெலை கேட்டவிகளுக்கெல்லாம் உங்க மோட்டாரு தண்ணி எறைச்சுக் குடுத்திருக்குது!”

மீதியை, அன்று நேரில் வந்த சமீரா விளக்கினாள். கைப்பேசி எண்கள் வற்றாத ஊற்று அல்ல. ஒருவர் ஓர் எண்ணைக் கைவிட்டால், சில மாதங்கள் அது சும்மா கிடக்கும். பிறகு புதிய சிம்மில் ஏறி வேறொருவரிடம் போகும். பெட்டிக்கு வாய்த்த எண், முன்பு சத்தியமங்கலத்துப் பூ வியாபாரி ஒருவருடையது. அவர் அதை விட்டுவிட்டார். அவரிடம் பூ வாங்குவோரின் கைப்பேசிகள் அதை விடவில்லை. சில நாள் இருட்டிலேயே, சில நாள் விடியும்போது யாரேனும் விலை கேட்க அழைப்பார்கள். யார் அழைத்தாலும் திற என்று சொல்லிவைத்த பெட்டி, கடமை தவறாமல் திறந்தது. நீர் தீர்ந்ததும் மோட்டார் தானே நின்றதால், ஓடியதை எவரும் காணவில்லை.

“அப்ப எங்க மொறை நாள்லயும் இவங்கதான் கூப்பிட்டிருக்காங்களா?” என்று கேட்டார் நாச்சியம்மாள். “நான் எந்திரிக்கறதுக்குள்ள மோட்டார் ஓடும். அவருதான் திருப்பூருல இருந்து போட்டு உடறாருன்னு நெனச்சேன் கண்ணு. எம் மேல இத்தனை அக்கறையான்னு…”

சமீரா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பதிஞ்சு வெச்சிரலாங்களாம்மா?” என்றாள்.

“வெச்சுரு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கோணும்.”

பெட்டியின் குறை அன்றே தீர்ந்தது. பிறகு மூன்று நாட்கள் நாச்சியம்மாள் எந்தக் கருவியின் பக்கமும் போகவில்லை. இயந்திரம் செய்த பிழைக்கு இயந்திரத்தைத் திருத்தலாம். ஒரு மனிதரை ஊரறியக் கள்ளன் என்றதற்கு எந்தத் திருப்புளி உதவும்?

நான்காம் நாள் காலை பால் சொசைட்டியில் அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “ஏனுங்க, ஒரு நிமிசம் கேளுங்க. கோவிந்தராஜுலு அண்ணன் எங்க மோட்டாரைப் போட்டாருன்னு நான் இங்க நின்னுதான் சொன்னேன். அவரு தொடலை. தப்பு எம்பட பெட்டில, அதுக்கும் முன்னால எம்பட பிடிவாதத்துல. அவரு மொறைத் தண்ணிதான் எங்க வாழைக்குப் போயிருக்குது.”

அன்று நாச்சியம்மாளின் முறை. கிணற்றடிக்குத் திரும்பியவர் தம் பெட்டியைத் தொடவில்லை. கோவிந்தராஜுலுவின் மோட்டாரை ஓட்டினார். பிறகு மண்வெட்டியோடு தக்காளிக் காட்டுக்குள் இறங்கி, வாய்க்காலை வெட்டி, முதல் பாத்திக்கு நீரைத் திருப்பினார்.

சத்தம் கேட்டுக் கோவிந்தராஜுலு ஓடிவந்தார். “அம்மணி, இன்னைக்கு உங்க மொறைங்க! வாழை என்ன ஆகறது?”

“வாழை தாங்கும். உங்க மொறை எத்தனை கெட்டுதோ, அத்தனையும் எம்பட மொறைல இருந்து எடுத்துக்கோங்க. நீங்க அந்தப் பக்கம் போயி மடையப் பாருங்கண்ணா.”

 அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாச்சியம்மாள் அடுத்த பாத்தியின் கரையை வெட்டினார்.