எந்தப் பங்கு?

என் வீட்டுக்காரர் அடைக்கலராஜ் காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல அட்டெண்டர். எழுபத்தேழு வெள்ளத்துல லேபுக்குள்ள தண்ணி புகுந்து பாட்டில்ல இருந்த லேபிளெல்லாம் அழிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் ஒரே தொட்டியில கொட்டிக் கழுவச் சொன்னாங்க. கொட்டினார். ஆசிட்டும் சயனைடும் கலந்து கிளம்பின புகையிலேயே செத்துப்போனார். எதை எதோட சேர்க்கக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரல.

விசாரணைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. பிரின்சிபாலா இருந்த பாதிரியார் சாமிதான் கேட்டார்.

"குடிப்பாராம்மா? வீட்டுல சண்டையா? மனசுல ஏதாவது விரக்தி?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "செத்தப்புறம் இத்தனை கேக்குறீங்களே சாமி, விஷ அலமாரிச் சாவியைக் கையில குடுத்தப்ப என்ன கேட்டீங்க? 'எந்தப் பங்கு'ன்னு ஒரே கேள்வி. பாலக்கரை மாதா கோயில் பங்குன்னார். நம்ம கோயில் ஆளுன்னு வச்சுக்கிட்டீங்க. சரி, இப்ப நான் கேக்குறேன். இந்தச் சாவுல உங்க பங்கு எவ்வளவு?"

சாமி மேஜை டிராயரைத் திறந்தார். அந்தச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அவர் வேலையை இனிமே நீயே பாரும்மா."

வீட்டுல அடுப்பெரியணுமே. சாவியை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். எதை எதோட சேர்க்கக் கூடாதுன்னு எனக்கும் யாரும் சொல்லித் தரல.