இடுப்பளவு

சுபாகரன் காலை ஐந்தரைக்கு எழும்பி, பிளேன்டீ ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பழுகாமத்துத் துறையில் வாவிக்குள் இறங்குவான். தண்ணீர் இடுப்புக்கு வரும். நடு வாவியிலும் இடுப்புதான். அவன் குந்தினால் தண்ணீரும் குந்தும். மனைவி மேனுகா கண்ட ஆழத்தை ஒரு தடவையாவது கண்டுவிட வேண்டும் என்று பதினாலு மாதமாக இறங்குகிறான். வாவி விடுவதில்லை.

அவனுக்கு மட்டுமல்ல. மேனுகாவின் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்ததிலிருந்து, இறங்குகிற எல்லாருக்கும் அவரவர் இடுப்பளவே தண்ணீர் நிற்கிறது. தோணிக்கார வீரகத்தியும் அவருடைய நாலு வயதுப் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இருவருக்கும் நடுவில் தண்ணீர் சரிந்து கிடக்கும். எருமைக்கு இடுப்பு எது என்று சந்தையில் இரண்டு வாரம் வாதம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் நடு வாவியில் அளவுகோலை நட்டார்கள். கோலுக்கு இடுப்பு இல்லாததால் அது ஒன்பது அடி காட்டியது. "கோல்தான் பொய் சொல்லுது மனே," என்றார் வீரகத்தி. "எண்ட தோணியில இப்ப ஆடுதான் தண்ணி குடிக்குது." வந்தவர்கள் இரண்டு கணக்கையும் எழுதிக்கொண்டு போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள்.

வாவிக்கு அந்த அளவைக் கொடுத்தவன் சுபாகரன்தான். பட்டம் முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தவனுக்கு வாவி அளக்கும் திட்டத்தில் வேலை கிடைத்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அளவுகோல் இன்னும் வந்து சேரவில்லை. வெயிலில் வற்றிக் கிடந்த வாவியைத் துறைக்கு நேரே தானே நடந்து கடந்து பார்த்து, ஆழம் என்ற கட்டத்தில் இடுப்பளவு என்பதை 'வெய்ஸ்ட் டீப்' என்று எழுதினான். அவன் ஆறடி இரண்டு அங்குலம். மேனுகா நாலடி எட்டு.

மறுநாள் மழையில் தோணி ஓடவில்லை. பாலர் பாடசாலையில் படிப்பித்து முடிந்து எதிர்க்கரையில் நின்ற மேனுகா போன் எடுத்து, வாவி எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். படிவம் மேசையில் விரிந்து கிடந்தது. "வெய்ஸ்ட் டீப்தான் புள்ள, நடந்து வா," என்றான். அவள் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாள். பகிடி என்று நினைத்து அவனும் சிரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனை வைத்தான். அவள் இறங்கினாள்.

அவள் கேட்டது இதுதான்:

"ஆர்ர இடுப்புக்கு? ஒங்கடயா, எண்டயா?"