கறுப்பு வாலில் ஒரு வெள்ளை ஏழு

“ஆலிவ் பச்சைன்னா எந்த ஆலிவ், ஜாடியில ஊறினதா, மரத்துல இருக்கறதா?” என்று நான் கேட்டதற்கு, நாத்தனார் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டே, “ரெண்டும் இல்ல அண்ணி, ஒரு வருஷம் வெயில்ல நின்ன பச்சை,” என்றாள், எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம், இந்த வீட்டில் மற்றவர்கள் சொல்வது எனக்குப் புரிய ஒரு நாள் தாமதமாகிறது, அத்தை “பரவாயில்லம்மா” என்றால் பரவாயில்லையா பரவாயிருக்கிறதா என்று படுக்கப் போகும்வரை யோசிக்கிறேன், இவள் சொல்கிற நிறம் மட்டும் நேராக உள்ளே இறங்குகிறது. என் வேலை அப்படி. பல் செய்கிற வேலை, மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து கொடுக்கிற கூடத்தில் சன்னலோரம் என் இடம், உலகத்தில் வெள்ளை என்று ஒன்று கிடையாது என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், காபிக்கார வெள்ளை, சிகரெட்டுக்கார வெள்ளை, சிரிக்கவே சிரிக்காதவரின் அடுக்கி வைத்த வெள்ளை... கல்யாணமாகி வந்த புதிதில் இவள் என்னிடம் பேசவே மாட்டாள், சாப்பாட்டு மேசையின் பாதியைச் செய்தித்தாள் விரித்து மறித்துக்கொண்டு, ஓர் உள்ளங்கை அகல விமானத்தின் இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள், பெட்டியில் துண்டுகளாக வாங்கி ஒட்டிச் செய்கிற மாதிரிப் போர் விமானம், அந்தப் பக்கம் யாரும் மூச்சுகூட விடக் கூடாது, ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்தச் சாம்பலில் கொஞ்சம் நீலம் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டேன், அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை, அன்றுதான் இந்த வீட்டில் ஒருவர் என்னை முதல்முறையாகப் பார்த்தது என்று தோன்றியது, அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாற்காலி வந்தது. அந்த நாற்காலிதான் இப்போது ஆட்டம் காணப்போகிறது. ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன், பார்த்ததைச் சொல்லவில்லை, சாப்பிட்டதிலிருந்து சொல்லாமல் ஆலிவைப் பற்றியும் ஊறுகாயைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விமானம் முடிந்துவிட்டது, சக்கரத்து மூடி ஒன்றுக்குத்தான் பச்சை பாக்கி. நாளைக் காலையில் நூலக மண்டபத்தில் கண்காட்சி. எதிரே சுவரில் அந்தப் புகைப்படம், இந்த விமானத்துக்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம் அதுதான் என்று அவள் சொல்வாள், கறுப்பு வெள்ளை, புல்தரையில் விமானம், அதன் முன்னால் கம்பளி மேல்சட்டை போட்ட இரண்டு பேர், மொழிபெயர்ப்பு நாவல்களில் தேநீர் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போவார்களே, அந்த முகங்கள். கறுப்பு வால், அதில் ஒரு வெள்ளை ஏழு. பெட்டி மூடியிலும் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள், எல்லோரும் அப்படித்தான் பூசுகிறார்கள், அந்த வெள்ளை ஏழுக்காக இவள் பட்ட பாடு, வீட்டு அச்சுப்பொறிக்கு வெள்ளை அடிக்கத் தெரியாது, வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைத் தாளிலேயே எடுத்து ஓரம் ஓரமாக நறுக்க வேண்டும், தண்ணீரில் நனைத்தால் தாளிலிருந்து படம் மட்டும் வழுக்கிக்கொண்டு கழன்று வரும், டீகால், அதைத் தூரிகை நுனியால் தள்ளித் தள்ளி வாலில் உட்கார வைக்க வேண்டும், மயிரிழை கோணினாலும் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து, எத்தனை ஏழுகள் குப்பைக்குப் போயின, கடைசியில் ஒன்று சரியாக உட்கார்ந்த அன்று இவள் மேசையைச் சுற்றி ஓடினாள், அத்தை எட்டிப் பார்த்து, வரன் எதுவும் சரியாயிடுச்சா என்று கேட்டார்கள். அந்த ஏழைத்தான் நான் இப்போது... வேண்டாம், சொல்ல வேண்டாம், யாருக்குத் தெரியப்போகிறது, கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாலுக்குப் பின்னால் வேலியோரம் அந்தச் செடிகள். இத்தனை நாள் அவற்றை வெறும் புதர் என்று நினைத்திருந்தேன், மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி சும்மா பார்த்தபோது புதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது, நீளக் கழுத்து, இதயம்போல இலை, தட்டு மாதிரி முகம். சூரியகாந்தி. அதன் இதழ்கள் கறுப்பு.

கறுப்பு இதழ் சூரியகாந்தி எங்கே பூக்கும்? எங்கள் கூடத்துக்கு மருத்துவர்கள் செல்பேசியில் பல்லைப் படமெடுத்து அனுப்புவார்கள், குழல்விளக்கில் எடுத்தால் பச்சையாக வரும், சன்னலோரம் எடுத்தால் நீலமாக வரும், எதை நம்புவது, அதனால்தான் நிறம் தெரிந்த ஒரு மாதிரிப் பல்லைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுங்கள் என்று நச்சரிக்கிறோம், மாதிரி எவ்வளவு மாறியிருக்கிறதோ அவ்வளவு அந்தப் பல்லும் மாறியிருக்கும், கழித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துச் சில படச்சுருள்களுக்கு மஞ்சளும் சிவப்பும் கண்ணுக்குத் தெரியாது, இருட்டாக விழும், நீலம் வெளுத்துவிடும் என்று இவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறாள். யாரோ ஒருவர் என்றைக்கோ வாலுக்குப் பக்கத்தில் ஒரு மாதிரிப் பல்லை நட்டு வைத்திருக்கிறார், அது பூத்தும் இருக்கிறது, வால் என்ன இருட்டோ இதழும் அதே இருட்டு. அப்படியென்றால் வால் மஞ்சள். மஞ்சளா? இல்லை எனக்கு மஞ்சளாக வேண்டுமா? வேலை முடிந்துவிட்டதே, நாளையோடு இந்த நாற்காலியைச் சமையலறைக்குத் தூக்கிப்போய்விடுவார்களே என்று என் கண் தானாக ஒரு பூவைக் கண்டுபிடிக்கிறதா? அப்படியும் இருக்கலாம்... எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன், நாத்தனாருக்குத் தெரியாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன், பூ பூவாகத்தான் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? கண்காட்சிக்கு முந்தின நாள் வந்து மூக்கை நுழைக்கிறாள் பார், நேற்று வந்தவள், என்று மனதுக்குள் ஒருமுறை நினைத்துவிட்டால் போதும், மேசையில் மறுபடி செய்தித்தாள் விரியும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நானும் இந்த வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளிதான், விருந்தாளிதான் எல்லாவற்றையும் நன்றாயிருக்கிறது என்று சொல்வாள்.

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, விரலைத்தான் நீட்டினேன் என்று நினைக்கிறேன், அந்தப் பூவைப் பாரேன் என்றேன். அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு சன்னலுக்குப் போனாள், முதுகைத்தான் பார்க்க முடிந்தது, பனியன் துணிச் சட்டையில் தோள்பட்டை எலும்பு இரண்டும் அசையவே இல்லை, தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை, நான் என் கைநகத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், போச்சு, எல்லாம் போச்சு, வாயை வாடகைக்கு விட்டிருக்கலாம்... அப்போது அந்தத் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன், அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர். “பெட்டி மேல இருக்கு, பெட்டி மேல இருக்குன்னு எல்லாரும் கறுப்பைக் கறுப்பை அடிச்சிட்டிருக்கோம் அண்ணி, பூ நின்னு கத்துது.” பிறகு சிரிப்பு நின்று முகம் கூர்மையானது, மஞ்சளில் வெள்ளை எழுதினால் தூரத்திலிருந்து எவன் கண்ணுக்குத் தெரியும், படத்தில் வானமும்தானே வெள்ளையாக இருக்கிறது, ஏழு நீலம், கட்டாயம் நீலம் என்றாள், அது எனக்குத் தோன்றவே இல்லை, மஞ்சள் வாலில் நீல ஏழு, அந்த இரண்டு பேரும் சட்டென்று மொழிபெயர்ப்பிலிருந்து எழுந்து வெயிலுக்குள் வந்து நின்றமாதிரி இருந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. மஞ்சளைக் கறுப்பின் மேல் பூசினால் பாசி பிடித்ததுபோல ஆகும், முதலில் வெள்ளை, அது காய அத்தையின் தலை உலர்த்தும் இயந்திரம், “தலைக்குக் குளிக்காம எதுக்குடி அது?” என்று அத்தை உள்ளறையிலிருந்து கேட்க, விமானத்துக்குச் சளி பிடிச்சிருக்கு என்று இவள் பதில் சொல்ல, எந்த மஞ்சள் என்று நாங்கள் அடித்துக்கொள்ள, எலுமிச்சை கூடாது, மாம்பழம் கூடாது, முட்டைக் கருவுக்குச் சற்று முன்னால் என்றேன், “முன்னாலன்னா கோழிக்கு முன்னாலயா?” என்றாள். மஞ்சள் வந்தது. ஐயோ, அது வந்த அழகு, அதுவரை குனிந்து முறைத்துக்கொண்டிருந்த பிராணி வாலை நிமிர்த்தியதுபோல. இப்படி ஒரு மஞ்சளை எதற்குப் பூசினார்கள் என்று கேட்டேன், சொந்தப் படைக்காரர்களே கீழேயிருந்து சுட்டுவிடக் கூடாதே, நம்ம ஆள்தான் என்று தெரிவதற்காக இருக்கும் என்றாள், சுடுகிற விமானத்துக்கும் அந்தப் பயம் உண்டா. அவசரத்தில் நீல ஏழைக் கண்ணாடித் தாளில் அச்சடித்துவிட்டோம், நிறம் அறிந்த இரண்டு பேரும் சேர்ந்து பண்ணிய தவறு, ஒட்டி முடித்துப் பெருமையாகத் தள்ளி நின்று பார்க்கும்போது என் வீட்டுக்காரர் வந்தார், பையைக் கீழே வைத்தார், “ஏழு ஏன் கீரைக் கலர்ல இருக்கு?” என்றார். அடியிலிருக்கும் மஞ்சள் நீலத்தின் ஊடே தெரிந்து பச்சையாகிவிட்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். மறுபடி வெள்ளைத் தாள், மறுபடி நறுக்கல். கத்தியை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “உங்க கைதான் ஆடாது,” என்று சொல்லித் திரும்பி அச்சுப்பொறியை அணைக்கப் போனாள், ஒன்றுமே நடக்காததுபோல, அந்தக் கத்தியை இவள் அண்ணன்கூடத் தொட்டதில்லை, மெழுகில் பல்லின் ஓரத்தைச் சீவுகிற அதே அழுத்தம், அதே சாய்வு, ஏழின் மூக்கு, ஏழின் கால், ஓரத்தில் வெள்ளை ஒரு துளி தங்கவில்லை.

இப்போது ஏழு வாலில் ஏறிவிட்டது, நீலம், நீலமேதான், ஈரம் காயவில்லை, அடியில் ஒரு குமிழி, அதை என் விரல் நுனியால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், சன்னல் வெளிச்சம் மேசையில் சாய்ந்து விழுகிறது, அடுத்தது எந்த விமானம் என்று கேட்கலாமா, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்படியே இருந்தால்... அவள் என் பக்கம் பார்க்காமல், தூரிகையைக் கழுவியபடி பேச ஆரம்பித்தாள். நாளைக்கு அருங்காட்சியகத்துக்காரர்கள் வருகிறார்களாம். வேறு ஊரில், ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில், பழைய விமானங்களைப் பழுதுபார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார்களாம், நிசமான விமானங்கள், மேலே ஏறி நின்று பூசுகிற அளவு. இவளை அங்கே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம், நாளைக்குப் பதில் சொல்ல வேண்டுமாம், விடுதி இருக்கிறதாம், பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், யாரிடமும் இன்னும் சொல்லவில்லையாம். நான் குமிழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இவள் ஏணியில் ஏறி நின்று ஒரு பெரிய வாலுக்கு மஞ்சள் பூசுவது கண்ணுக்குத் தெரிந்தது, மூக்கில் ஒரு துளி மஞ்சளோடு, சந்தோஷம்தான், அதற்கு நடுவில் இந்த மேசை மட்டும் காலியாகத் தெரிந்தது, இவள் என்னை நம்ம ஆள் என்று முடிவு செய்தது எப்போது, கத்தியைக் கொடுத்தபோதா, பூவைக் காட்டியபோதா, முடிவு செய்துவிட்டாள், அது உறுதி, ஆனால் ஓர் ஆள் கிடைத்த அன்றைக்கே அந்த ஆளை வழியனுப்பவும் வேண்டியிருக்கும் என்று எனக்கு ஏன் யாரும்... உள்ளறையில் அத்தை எழுந்துவிட்டார்கள், செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. நாத்தனார் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நான் சொன்னா அம்மா அழுவாங்க, அண்ணன் சொன்னா சண்டையாயிடும். நீங்க சொன்னா நின்னு கேப்பாங்க. அம்மாகிட்ட நீங்க பேசறீங்களா அண்ணி?”